500 டாலருக்குள் ஒரு ஷாட்கன்: ஹூஸ்டனில் மகன் இருக்கும் தாய்க்கு

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருப்பதன் சாரம் இது. 31 வயதான அவருடைய மகன், இரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே உள்ள கேட்டி என்னும் ஊரில், வேலை விசாவில் இருக்கிறார். மனைவியும் நான்கு வயது மகளும் உடன் இருக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இரவில் ஆட்கள் புகுந்துவிட்டதால், 500 டாலருக்குள் ஒரு ஷாட்கன் (ஒரே தோட்டாவில் பல ரவைகளைச் சுடும் நீளத் துப்பாக்கி) வாங்கி வைக்கப்போவதாக அவர் சொல்கிறார். எதை வாங்கச் சொல்வது, சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் அது தகுமா, நாடு திரும்பும்போது கொண்டுவர முடியுமா என்று அந்தத் தாய் கேட்கிறார்.

சகோதரி, நான் எண்ணெய்த் துறை வேலையாக ஹூஸ்டனில் குடும்பத்தோடு 11 ஆண்டுகள் இருந்தவன். அங்கே நிரந்தரவாசி ஆன பிறகு இரண்டு ஷாட்கன்கள் வைத்திருந்தேன். இங்கே திரும்பிய பின், சுவா சூ காங் பக்கம் உள்ள சுடுதளத்தில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் ஈடுபடுகிறேன். சுட்டு முடித்ததும் துப்பாக்கியைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு பேருந்து ஏறுவேன். இரண்டு ஊர் வழக்கமும் தெரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

துப்பாக்கியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் விசாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். டெக்சஸில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாம் என்று உடன் வேலை பார்க்கும் அமெரிக்கர்கள் சொல்வார்கள். அது அவர்களுக்குப் பொருந்தும். சிங்கப்பூரர்கள் பெரும்பாலும் எச்-1பி1 என்னும் வேலை விசாவில் போகிறார்கள். அப்படிக் குடியேற்ற நோக்கமில்லாத விசாவில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவது மட்டுமன்று, வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றமாகும். 2022க்குப் பிறகு அதற்கான உச்ச தண்டனை 15 ஆண்டுச் சிறை. மனைவி சார்ந்திருப்போர் விசாவில் இருந்தால் அவருக்கும் இதே தடைதான். கையில் நிரந்தரவாசிகளுக்கான பச்சை அட்டை இருந்தால் இந்தத் தடை இல்லை.

இதற்கு உள்ள விலக்குகளில் உங்கள் மகனுக்குப் பயன்படக்கூடியது ஒன்றுதான்: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். டெக்சஸில் அந்த உரிமத்தை இணையத்திலேயே வாங்கலாம் என்றாலும், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். முக்கியமான செய்தி என்னவென்றால், எந்த மாதத்தில் வாங்கினாலும் அந்த ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். செப்டம்பர் முதல் தேதி காலையில் புது உரிமம் இல்லாமல் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருந்தால், நேற்று வரை சட்டப்படி இருந்த பொருள் இன்று குற்றமாகிவிடும். கடையில் நிரப்பும் 4473 என்னும் படிவத்தில் இவை எல்லாவற்றையும் கேட்பார்கள்; அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். குடியுரிமை பெற்ற நண்பர் ஒருவரைத் தன் பெயரில் வாங்கித் தரச் சொல்வதும் குற்றமே, அந்த நண்பரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். மகன் குடிநுழைவு வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு மேற்கொண்டு எதையும் செய்யட்டும். விசாவையும் வேலையையும் பிள்ளையின் பள்ளியையும் பணயம் வைத்து வாங்கத்தக்க துப்பாக்கி உலகில் இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். அங்குள்ள வீடுகளின் கதவு நிலை பெரும்பாலும் மரச்சட்டம். பூட்டின் நாக்கு போய் நுழையும் இரும்புத் தகட்டைப் பல வீடுகளில் ஓர் அங்குலத் திருகாணியில்தான் மாட்டியிருப்பார்கள், ஓங்கி உதைத்தால் சட்டம் பிளந்துவிடும். அவற்றைக் கழற்றிவிட்டு 3 அங்குலத் திருகாணிகளை உள்மரம் வரை இறக்கினால், பத்து டாலர் செலவில் அந்தக் கதவு பல உதைகளைத் தாங்கும். கொல்லைப்புறத்தில் ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்கும் வேண்டும். இவை முதலில்.

இவ்வளவும் செய்து, உரிமமும் எடுத்து, இன்னும் வேண்டும் என்று மகன் முடிவெடுத்தால், அவருக்கு நான் சொல்வது ஒன்றே: 500 டாலர் என்பது துப்பாக்கியின் விலையாக இருக்கக் கூடாது, துப்பாக்கி, பூட்டு, விளக்கு, பயிற்சித் தோட்டா எல்லாம் சேர்ந்த விலையாக இருக்க வேண்டும். 480 டாலருக்குத் துப்பாக்கி வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்கி, ஒருமுறைகூடச் சுட்டுப் பார்க்காமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

நல்ல வேளையாக, மலிவான ஷாட்கன்களில் உறுதியானவை உண்டு. முன்கைப்பிடியைப் பின்னிழுத்து முன்தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகையில், மாஸ்பெர்க் நிறுவனத்தின் மேவரிக் 88 என்னும் துப்பாக்கி ஏறத்தாழ 250 டாலருக்குக் கிடைக்கும். அதே நிறுவனத்தின் மாஸ்பெர்க் 500, 1961 முதல் தயாரிப்பில் இருப்பது, 400 டாலரைச் சுற்றி வரும். இரண்டுக்கும் உள்ளே பெரிய வேறுபாடு இல்லை. பல பாகங்களை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். கண்ணில் படும் வேறுபாடு, தவறுதலாகச் சுடாமல் விசையைத் தடுக்கும் சேஃப்டி இருக்கும் இடம். மேவரிக்கில் அது விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் குறுக்கே அழுத்தும் பொத்தான். 500இல் அது துப்பாக்கி உடலின் மேற்புறம், கட்டைவிரல் இயல்பாகப் படியும் இடத்தில், முன்னும் பின்னும் நகரும். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் 500க்கு அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுப்பது நியாயம். இல்லாவிட்டால் மேவரிக்கே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. 1950 முதல் வரும் ரெமிங்டன் 870 பெயர்பெற்றது, பழைய துப்பாக்கி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த நிறுவனம் 2018இலும் 2020இலும் திவாலாகிக் கைமாறியது, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் வந்த மலிவு வகையில் வேலைப்பாடு சீராக இல்லை என்ற குறை பரவலாக இருந்தது, ஆகவே பழையதை வாங்கும்போது தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். இருநூறு, முந்நூறு டாலருக்கு வரும், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி ஷாட்கன்களை இந்த வேலைக்கு நான் நம்ப மாட்டேன். அந்த வகையில் நல்லது வேண்டுமென்றால் ஆயிரம் டாலரை நெருங்க வேண்டும். பின்கட்டை இல்லாமல் 14 அங்குலக் குழலோடு, பார்க்கத் திரைப்படத் துப்பாக்கிபோல் இருக்கும் குட்டை வகைகளையும் தொட வேண்டாம். அவற்றைத் தோளில் ஊன்ற முடியாது. தோளில் ஊன்றாத ஷாட்கன் எங்கே சுடும் என்று சுடுபவருக்கே தெரியாது. குழல் 18.5 அங்குலம் இருப்பது வீட்டுக்குள் போதுமானது. மத்தியச் சட்டப்படி 18 அங்குலத்துக்குக் குறைந்தால் தனிப் பதிவு வேண்டும் என்பதால், யாராவது குழலை வெட்டித் தருகிறேன் என்றால் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.

ஆனால் எந்த நிறுவனம் என்பதைவிட, யார் கைக்குப் பொருந்துகிறது என்பதுதான் பெரிய கேள்வி. மகன் தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைபிள் சுட்டிருப்பார். அந்த அனுபவத்தை வைத்து ஷாட்கனை எடைபோடக் கூடாது. அந்த ரைபிள் தோளைத் தட்டும், 12 கேஜ் ஷாட்கன் தோளை உதைக்கும். கேஜ் என்பது ஒரு பவுண்டு ஈயத்தைக் குழலின் வாயளவுக்கு உருட்டினால் எத்தனை உருண்டைகள் வரும் என்ற கணக்கு. 12 உருண்டை வந்தால் 12 கேஜ், வாய் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், 20 உருண்டை வந்தால் 20 கேஜ், வாய் ஏறத்தாழ 15.6 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும், உதையும் குறையும்.

நான் முதலில் வாங்கியது 12 கேஜ். என் உயரத்துக்கே பின்கட்டை சற்று நீளம். என் மனைவி ஐந்தடி. சுடுதளத்தில் அவர் அதைத் தோளில் வைத்தபோது முன்கைப்பிடியை எட்டிப் பிடிக்க முடியாமல், கட்டையைத் தோளிலிருந்து நழுவவிட்டுக் கைப்புறத்தில் ஊன்றிக்கொண்டார். இரண்டு தோட்டாதான் சுட்டார். மறுநாள் காலையில் மேற்கையில் ஒரு திட்டு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. அதன் பிறகு அந்தத் துப்பாக்கியை அவர் தொடவே இல்லை. அதாவது, நான் வேலைக்குப் போயிருந்த நேரங்களில் அந்த வீட்டில் துப்பாக்கி இருந்தும் இல்லாததற்குச் சமம். பிற்பாடு 20 கேஜில் குட்டைப் பின்கட்டை உள்ள மாஸ்பெர்க் 500 ஒன்றை வாங்கினேன். விசைக்கும் கட்டையின் பின்முனைக்கும் இடையே 14 அங்குலம் என்பது பொதுவான அளவு, 12.5 அல்லது 13 அங்குலம் இருந்தால் சிறிய உடல்வாகு உள்ளவரும் பிடிக்கலாம், பெரியவரும் சமாளிக்கலாம். வீட்டில் யார் சிறியவரோ அவருக்கு அளவெடுங்கள் என்று மகனிடம் சொல்லுங்கள். மருமகளும் அதைத் தொடப்போகிறார் என்றால் அவருக்கும் தனி வேட்டை உரிமம் வேண்டும், சுடுதளத்தில் பழகுவதற்கும்கூட.

தோட்டாவுக்கு வருகிறேன். ஷாட்கனைக் குறிபார்க்கத் தேவையில்லை, ரவைகள் அறை முழுக்கச் சிதறிவிடும் என்பது பரவலான தவறு. அந்த ஒரு நம்பிக்கையால் விளையும் கேடு அதிகம். வீட்டுக்கான குட்டைக் குழலில், சாதாரணத் தோட்டாவில், ஒரு மீட்டர் தூரத்துக்கு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர்தான் ரவைகள் விரியும். ஒரு படுக்கையறையின் கோடி முதல் கோடி வரை ஐந்து மீட்டர் என்றால், விரிவு 15 சென்டிமீட்டருக்குள்தான். குறி தவறினால் முழுமையாகத் தவறும். தவறியவை எங்கே போகும் என்பதுதான் கவலை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் படம் மாட்ட ஒரு துளை போடுவதற்கே இயந்திரம் வேண்டும். அங்கே உட்சுவரை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், மத்தளம்போல் சத்தம் வரும். மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம். 12 கேஜில் பொதுவாகப் பயன்படுத்தும் 00 பக்‌ஷாட் தோட்டாவில் 8.4 மில்லிமீட்டர் ஈயக் குண்டுகள் 9 இருக்கும், ஒவ்வொன்றும் அத்தகைய சுவர்கள் இரண்டு மூன்றைத் துளைத்துவிடும். பிள்ளையின் அறை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த வீட்டில் விசையைத் தொடக் கூடாது. பறவை சுடும் பொடி ரவைத் தோட்டா சுவரில் அடங்கிவிடும் என்று சிலர் அதைப் பரிந்துரைப்பார்கள். அறையளவு தூரத்தில் அதுவும் பலகையைத் துளைக்கும், ஆபத்தை நிறுத்துவதிலும் நம்பகம் குறைவு. அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், விலையும் மலிவு. வீட்டுக்கு, 12 கேஜ் என்றால் உதை குறைத்த 00 பக்‌ஷாட், 20 கேஜ் என்றால் 3ஆம் எண் பக்‌ஷாட். எதுவானாலும் ஐந்தாறு மீட்டரில் காகிதத்தில் சுட்டு, தன் துப்பாக்கியில் அது எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பம்ப் துப்பாக்கியில் புதியவர்கள் பதற்றத்தில் கைப்பிடியை முழுதும் பின்னிழுக்காமல் முன்தள்ளி அடைத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் போக நூறு தோட்டாவாவது சுட வேண்டும். காதுக்கு மூடி கட்டாயம், சத்தம் 150 டெசிபெலைத் தாண்டும்.

இப்போது விளக்கு. என் வாழ்வில் நடந்ததைச் சொன்னால்தான் ஏன் வற்புறுத்துகிறேன் என்று புரியும். தோ பாயோவிலிருந்து என் மாமியார் எங்களைப் பார்க்க வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதிகாலை 3 மணிக்குக் கீழே ஏதோ உலோகம் தரையில் விழுந்து உருண்டது. நான் எழுந்து துப்பாக்கியை எடுத்தேன். கை நடுங்கியதில் சேஃப்டி பொத்தான் எந்தப் பக்கம் அழுந்தியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. இருட்டில் மாடிப்படியின் மேல்முனைக்கு வந்து பார்த்தபோது, அடுக்களை வாசலில் ஓர் உருவம் குனிந்து நிமிர்ந்தது. என்னிடம் விளக்கு இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை, பேசத் தோன்றவும் இல்லை. பின்னால் வந்த என் மனைவிதான் "அம்மாவா?" என்று குரல் கொடுத்தார். சிங்கப்பூரில் அப்போது மாலை 4 மணி, அத்தை தேநீர் போடும் நேரம். தூக்கம் வராமல் பாத்திரம் தேடியிருக்கிறார். "பால் எங்கப்பா வச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபது ஆண்டுகள் ஆகின்றன, அவர் காலமாகிவிட்டார்; இன்றும் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டால் என் வயிறு கலங்குகிறது.

ஆகவே 40, 50 டாலருக்கு நல்ல கைவிளக்கு ஒன்று துப்பாக்கியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். துப்பாக்கியை நீட்டாமல் வெளிச்சத்தால் ஆளை அடையாளம் காண வேண்டும். அதற்கும் முன்னால் குரல் கொடுக்க வேண்டும். இன்னும் சிறந்தது, அறையை விட்டு வெளியே தேடிப் போகாமல் இருப்பது. பிள்ளையை அழைத்துக்கொண்டு ஓர் அறைக்குள் புகுந்து, கதவைப் பூட்டி, 911 என்னும் அவசர எண்ணை அழைத்து, அங்கேயே இருந்துவிட வேண்டும். 1992 அக்டோபரில், பக்கத்து மாநிலமான லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், விருந்துக்குப் போக வேண்டிய வீடு என்று நினைத்து வேறொரு வீட்டு மணியை அடித்த 16 வயது ஜப்பானிய மாணவரை, அந்த வீட்டுக்காரர் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார். ஆனால் உரிமையியல் வழக்கில் 650,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதிக்கப்பட்டது. டெக்சஸ் சட்டம் வீட்டுக்குள் வலிந்து நுழைபவருக்கு எதிராகத் தற்காத்துக்கொள்ளப் பரந்த இடம் கொடுக்கிறது என்பது உண்மைதான். வழி தவறி வந்த பிள்ளை ஒருவரைச் சுட்டுவிட்டு அந்தச் சட்டத்தைப் படித்து யார் நிம்மதியாக உறங்க முடியும்?

நான்கு வயது மகளைப் பற்றிக் கேட்டீர்கள். உயரத்தில் வைத்துவிட்டேன், மறைத்து வைத்துவிட்டேன் என்பவை பாதுகாப்பு ஆகா. அலமாரி மேல் இருக்கும் பலகாரத்தை எட்டத் தெரிந்த குழந்தைக்கு எதையும் எட்டத் தெரியும். சுவரில் திருகாணியால் பொருத்தி, எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டுப்பெட்டி சுமார் 150 டாலரிலிருந்து கிடைக்கும். அது இல்லாமல் துப்பாக்கியை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது. 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குச் சுடத் தயாரான துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விட்டால், டெக்சஸ் சட்டப்படியே அது குற்றம். பூட்டிய பெட்டிக்குள்ளும் துப்பாக்கியின் சுடும் அறை, அதாவது சுடப்போகும் தோட்டா இருக்கும் இடம், வெறுமையாக இருக்க வேண்டும்; தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள கீழ்க்குழாயில் மட்டும். ஷாட்கன்களின் சேஃப்டி பெரும்பாலும் விசையை மட்டுமே தடுக்கும், துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காது என்பதற்கு அது உறுதி அன்று. மருமகளுக்கு வீட்டில் துப்பாக்கி இருப்பதில் மனம் ஒப்பவில்லை என்றால், அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டு, கதவையும் விளக்கையும் எச்சரிக்கை மணியையும் பலப்படுத்துவதே சரி. ஒருவர் அஞ்சும் பொருள் அந்த வீட்டைக் காக்காது.

கடைசியாக, கொண்டுவருவது பற்றி. முடியாது. வீட்டுப் பாதுகாப்புக்காக ஒருவர் ஷாட்கன் வைத்துக்கொள்ளும் வழக்கமே இங்கு இல்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டப்படி, துப்பாக்கியோ தோட்டாவோ சட்டவிரோதமாக வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படும். கப்பல் பெட்டியில் வீட்டுச் சாமானோடு வந்தாலும், பிரித்துப் பாகங்களாக வந்தாலும் இதில் சலுகை இல்லை. கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள உரிமம் பெற்ற கடையில் விற்றுவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளட்டும். மேவரிக் போன்றதற்குப் பாதி விலை கிடைத்தாலே போதும். மகன் சுடுதளத்துக்குத் தூக்கிப்போகும் பையைப் பயணத்துக்கு ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். நான் திரும்பி வந்த ஆண்டில், பெட்டி கட்டும்போது என் மகளின் பள்ளிப் பையைத் தலைகீழாக உதறினேன். ஒருமுறை சுடுதளத்துக்கு எங்களோடு வந்தபோது, மஞ்சள் நிறம் பிடித்துப்போய் அவள் பொறுக்கிவைத்த 20 கேஜ் வெற்றுத் தோட்டாக் கூடு ஒன்று உள்ளறையிலிருந்து விழுந்தது. வெற்றுக் கூட்டையும் காவல்துறை அனுமதி இல்லாமல் இங்கே கொண்டுவரக் கூடாது. எல்லாப் பைகளையும், சட்டைப் பைகளையும், காலணிகளையும்கூட, மகனும் மருமகளும் ஆளுக்கொரு முறை உதறிப் பார்த்துவிட்டு விமானம் ஏறட்டும்.